கடைசியிலிருந்து மூன்றாவது பட்டன்

"பட்டன்" என்றான் ஹோரஸ்.

நெரிடா டேப் விசையைத் தட்டினாள்.

"பட்டன்."

இன்னொரு தட்டு.

"பட்டன்."

எதற்கான பட்டன், அழுத்தினால் என்ன ஆகும், வீடு பற்றிக்கொள்ளுமா, ஒன்றும் சொல்ல மாட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஹோரஸ் என்பது ஆள் இல்லை. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை உரக்க வாசிக்கும் குரல். நெரிடா கோய்லுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அந்தக் குரலுக்கு அவள்தான் ஹோரஸ் என்று பெயர் வைத்தாள். பெயர் இருந்தால் திட்டுவதற்குச் சௌகரியம். பட்டனுக்குப் பெயர் வைக்க வேண்டியவன் வைத்திருந்தால்தானே ஹோரஸ் வாசிப்பான்? வைக்கவில்லை. கண் தெரிந்தவர்களுக்கு அதில் குட்டிக் குட்டியாகப் படம் போட்டிருக்கிறதாம்.

எல்லாம் அந்த வாரத் தொடக்கத்தில் ஆரம்பித்தது. அன்றுதான் அவளுடைய மெயில் கம்பெனி பழைய பக்கத்தை இழுத்து மூடியது. பழைய பக்கம் அழகாக இருந்ததா என்பது அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். படம் கிடையாது, ஜிகினா கிடையாது, வெறும் எழுத்து. எழுத்தை மட்டும் காட்டுகிற பிரவுசர் ஒன்றில் அதைத் திறந்து, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண்ணை அடித்து, இத்தனை வருஷமாக ராணி மாதிரி கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பதை அடித்தால் கடிதம் திறக்கும். பதினான்கை அடித்தால் போய்ச் சேர்ந்துவிடும். வேலை பார்த்த காலமெல்லாம் ஆஸ்பத்திரி டெலிபோன் ஸ்விட்ச்போர்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு எண் என்றால் தண்ணீர் பட்ட பாடு. "புதிய தோற்றத்தில் சந்திப்போம், உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும்" என்று கம்பெனி எழுதியிருந்தது. தோற்றத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள், ஊறுகாய் போடுவாளா?

அவள் ஊரான பர்னியில், புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பார்வையற்றோர் பவுல்ஸ் கிளப் ஒன்று இருக்கிறது. அதில் பாதிப் பேர் அதே கம்பெனியின் மெயில்தான். எல்லோரும் ஒரே நாளில் கதவுக்கு வெளியே நின்றார்கள். கூடிப் பேசி, வேலையை நெரிடா தலையில் கட்டினார்கள். ஹோரஸ் மாதிரி குரல்களுக்கும் ஒத்துவருகிற, எழுத்து பிரவுசரிலும் திறக்கிற மெயில் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று அவள் தேடிச் சொல்ல வேண்டும். நெரிடாவுக்கு உள்ளுக்குள் பெருமைதான். புதிய பக்கத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் அதையும் ஒரு முறை பயன்படுத்திப் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் கொள்கை. கொள்கை இல்லாதவர்கள் அந்த வாரம் நிம்மதியாக இருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் முழுக்கத் தட்டித் தடவி அவள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். கடைசியிலிருந்து மூன்றாவது பட்டன்தான் "அனுப்பு". சோதனைக்கு யாருக்காவது ஒரு கடிதம் போட வேண்டும். 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதி அனுப்பியிருக்கலாம். கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே? மனதில் கொதித்துக்கொண்டிருந்ததை அப்படியே எழுதினாள், ஜீலாங்கில் இருக்கும் தங்கை கோரலுக்கு.

கொதித்தது கிளைவ் பேட்டன் விஷயம்.

பார்வையற்றோர் பவுல்ஸில் ஆளுக்கொரு டைரக்டர் உண்டு. அவர் கண் தெரிந்தவர். புல்தரையின் மறுமுனையில் நின்று, உருட்டிய பந்து எங்கே போய் நின்றது என்று கடிகாரக் கணக்கில் கூவுவார். வெள்ளைக் குட்டிப் பந்துதான் நடு. அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டால் ஆறு மணி, தாண்டிப் போனால் பன்னிரண்டு, வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் ஒன்பது. அந்தக் கூவலை நம்பித்தான் அடுத்த பந்தை உருட்ட வேண்டும். நெரிடாவுக்குப் பல வருஷமாக அந்தக் குரல் கிளைவ். பந்துக்கு மட்டுமா? அவள் மேல்கோட்டை உள்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தால் சொல்கிறவர் அவர். அவள் புருஷன் இறந்த வாரத்தில் தினமும் வந்து, ஒன்றும் பேசாமல் டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனவரும் அவர்தான்.

அந்தக் கிளைவ் இந்த சீசனில் வேறு ஆளாகிவிட்டார். அடுத்த மாதம் ஹோபார்ட்டில் மாநிலப் போட்டி வேறு. நெரிடா எழுதினாள்:

'கோரல், யார்கிட்டயும் சொல்லாதே. கிளைவ் சரியில்லை. சனிக்கிழமை என் பந்து எல்லாவற்றையும் தாண்டி, புல்தரை முடிகிற பள்ளத்தில் போய் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது, இந்த ஆள் "ஆறு மணி, அரை மீட்டர்" என்று கூவுகிறார். ஒன்று குடிக்கிறார், இல்லை அக்கறை விட்டுப்போச்சு. மாசா மாசம் லான்செஸ்டன் போகிறார், எதற்கென்று வாயைத் திறப்பதில்லை. அங்கே வில்மாவுக்கு டைரக்டராக நிற்கிறார் என்று என் சந்தேகம். பேசாமல் ஹோபார்ட்டுக்கு ஹேமிஷைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். எனக்குத்தான் கண் இல்லை, இவருக்கு இருந்து என்ன பிரயோஜனம்?'

வில்மா என்பவள் போன வருஷம் நெரிடாவைத் தோற்கடித்து மாநிலக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவள். ஹேமிஷ், கிளப்பின் செயலாளர். நல்ல மனுஷன், கூவினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

எழுதி முடித்ததும் மனசு லேசானது. கோரல் பெயரின் முதல் எழுத்தை அடித்து, என்டரைத் தட்டி, கடைசியிலிருந்து மூன்றாவது பட்டனை அழுத்தினாள். கடிதம் சென்றது என்றான் ஹோரஸ். நெரிடா கைகளைத் தேய்த்துக்கொண்டு போய்க் கெட்டிலைப் போட்டாள்.

மறுநாள் மதியம் கோரல் போன் செய்தாள்.

"என்னமோ பெரிய கடுதாசி எழுதியிருக்கேன்னியே, ஒண்ணும் வரலையே."

"நேத்தே அனுப்பிட்டேனே. குப்பைல பாரு."

"பாத்துட்டேன். ஒரு மெத்தைக் கடை விளம்பரம்தான் கெடக்கு."

நெரிடா போனைக் காதில் வைத்துக்கொண்டே, அனுப்பிய கடிதங்களைத் திறந்தாள். பெறுநர், கிளைவ் பேட்டன் என்றான் ஹோரஸ். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். ஹோரஸுக்கு வெட்கம் மானம் கிடையாது. அதே குரலில் அதையே சொன்னான்.

நடந்தது இதுதான். ஆங்கிலத்தில் கோரலுக்கும் கிளைவுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான். அதை அடித்ததும் புதிய பக்கம் சத்தமில்லாமல் ஒரு பெயர்ப் பட்டியலை விரித்திருக்கிறது. அதில் யாருக்கு அதிகமாக எழுதுகிறோமோ அவர் பெயர் உச்சியில் நிற்கும். என்டர் தட்டினால் அவர்தான். நெரிடா உலகத்தில் யாருக்கு அதிகமாக எழுதுகிறாள்? நாளைக்குப் பயிற்சி உண்டா, மழை வருமா, புல் ஈரமா என்று கிளைவுக்குத்தான். பட்டியல் விரிந்ததை ஹோரஸ் சொல்லவில்லை, ஏனென்றால் ஹோரஸுக்கு யாரும் சொல்லவில்லை.

ஹேமிஷாவது, கீமிஷாவது. கோபத்தில் எழுதியதே தவிர, உள்ளூர அவளுக்கு வேண்டியதெல்லாம் கிளைவ் பழைய கிளைவாகத் திரும்பி வர வேண்டும் என்பதுதான். அந்தக் கடைசி வரியை மட்டும் அவர் படித்தால் தீர்ந்தது. டைரக்டர் போவது இருக்கட்டும், இந்த ஊரில் அவளுக்கென்று இருக்கிற ஒரே சிநேகிதரும் போய்விடுவார்.

அனுப்பிய கடிதத்தைத் திரும்ப வாங்க ஏதாவது பட்டன் இருக்க வேண்டும் என்று தோன்றியது. இருக்கத்தான் செய்யும். எது என்றுதான் தெரியாது. நெரிடா மூச்சைப் பிடித்துக்கொண்டு, குத்துமதிப்பாகக் கடைசியிலிருந்து இரண்டாவதை அழுத்தினாள்.

"கடிதம் மீண்டும் அனுப்பப்பட்டது. முக்கியம் எனக் குறிக்கப்பட்டது" என்றான் ஹோரஸ். இத்தனை நேரம் ஊமையாக இருந்த பாவி இதை மட்டும் தெளிவாகச் சொன்னான்.

கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். ரொம்ப நேரம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு ஒரு பெண் வந்தாள். குரலில் அவ்வளவு கனிவு.

"வலது பக்கம் மேல பாத்தீங்கன்னா நீலமா ஒரு வட்டம் இருக்கும் மேடம்."

"எனக்குக் கண்ணு தெரியாதும்மா."

"சரிங்க மேடம். சில கம்ப்யூட்டர்ல அது பச்சையா இருக்கும்."

நெரிடா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுத் தெரிந்துகொண்டது என்னவென்றால், கடிதத்தைத் திரும்பப் பெற ஒரு வழி உண்டு. அனுப்பியதும் சில நொடிகளுக்கு அந்த வழி திரையின் கீழே, சின்னதாக, சாம்பல் நிறத்தில் தோன்றி மறையும். மறைந்த பிறகு அந்தக் கடிதத்தை வாங்கியவர்தான் அழிக்க முடியும். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். நெரிடா சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

கிளைவையே கூப்பிட்டு நாடி பிடித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். எடுத்த எடுப்பிலேயே உளறினாள்.

"மெயில் ஏதும் பாத்தீங்களா கிளைவ்?"

"இன்னும் இல்லம்மா. சாயங்காலம் ரோஸ்லினோட உக்காந்துதான் பாக்கணும். ஏன், ஏதாவது அனுப்பியிருக்கியா?"

"இல்ல இல்ல. ஒண்ணுமே இல்ல. நீங்க பாக்கவே வேணாம்."

"ரெண்டு வந்திருக்குன்னு ரோஸ்லின் சொன்னாளே. ஒண்ணுல செவப்பா கொடி வேற போட்டிருக்காம்."

ரோஸ்லின் அவர் மனைவி. நெரிடா ஏதோ சொல்லிப் போனை வைத்தாள். சாயங்காலத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

கிளப்பின் மெயில் குழுவுக்கு எழுதினாள், பெறுநர் பெயரை எழுத்தெழுத்தாக மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு. நம்பகமான மெயில் உடனே வேண்டும், அவசரம், காரணம் கேட்காதீர்கள். கேட்டது ஒன்று, வந்தது சரமாரி. வெப்மெயிலே ஆகாது, கறுப்புத் திரையில் கட்டளை அடித்துப் படிப்பதுதான் மெயில் என்றார் ஒருவர். போனிலேயே பார், அதுதான் சொகுசு என்றாள் இன்னொருத்தி. பார்வையில்லாதவர்களுக்கு ஏற்ற ஒரே சாதனம் தபால் தலைதான், நாக்கில் நக்கினால் போதும் என்றார் ஒரு பெரியவர். இதற்கு இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு விலகினார்கள்.

பேர்பெற்ற ஒரு கம்பெனியில் கணக்குத் திறக்கப் போனாள். நீங்கள் மனிதர்தானா என்று கேட்டது. ஆமாம் என்றாள். அப்படியானால் படங்களில் எதிலெல்லாம் சிக்னல் விளக்கு இருக்கிறது, தொட்டுக் காட்டு என்றது. பார்க்க முடியாதவர்களுக்கு ஒலி வடிவம் உண்டு என்று அழுத்திப் பார்த்தால், தண்ணீருக்குள் மூழ்குகிறவன் பேசுவது போல ஏதோ கேட்டது. கேட்டதை அடித்தாள். நீங்கள் மனிதர் இல்லை என்று அது சொல்லிவிட்டது.

கடைசியில் கை கொடுத்தவர் அல்வர்ஸ்டனில் இருக்கும் அலிஸ்டர். அவருக்கும் பார்வை இல்லை. அடிலெய்டில் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் வீட்டிலிருந்தே நடத்துகிற மெயில் ஒன்று இருக்கிறது, படம் இல்லை, பட்டன் இல்லை, எல்லாம் எழுத்து, எல்லாவற்றுக்கும் எண் என்று எழுதினார். நெரிடா தன் பழைய எழுத்து பிரவுசரில் திறந்தாள். மூன்றும் நாலும் எத்தனை என்று கேட்டது. ஏழு என்றாள். உள்ளே வா என்றது. 'அனுப்பு' பதினொன்றாம் எண். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கிளப் முழுக்கத் தேடிக்கொண்டிருந்த மெயில் இதோ கையில் இருக்கிறது.

நியாயமாக அந்த நல்ல சேதியைக் குழுவுக்கு எழுதியிருக்க வேண்டும். அவள் கிளைவுக்கு ஒரு பொய்யை எழுதினாள். என் பழைய மெயிலுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள், அங்கிருந்து வந்த எதையும் திறக்காதீர்கள், அப்படியே அழித்துவிடுங்கள். பதினொன்றை அடித்தாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினாள், பாவம்.

மறுநாள் கிளைவ் கூப்பிட்டார். குரலில் ஒரே உற்சாகம்.

"நெரிடா, எவனோ உன் பேர்ல மெயில் அனுப்பறான். புது அட்ரஸ்லேருந்து. உன்னோட நெஜமான மெயிலையெல்லாம் அழிச்சிடுன்னு சொல்றான், கில்லாடிப் பய. நாங்க ஏமாறுவோமா? ஒண்ணையும் அழிக்கல. எல்லாம் பத்திரமா இருக்கு."

நெரிடா மெல்ல ஆழம் பார்த்தாள். "அதைப் படிச்சீங்களா, அந்தப் பழசு ரெண்டையும்?"

"இன்னும் இல்ல. ரோஸ்லினுக்கு நேரமே கெடைக்கலையாம். அதனாலென்ன, ஹேமிஷ்கிட்ட சொல்லிட்டேன். சனிக்கிழமை கிளப்புல உன் பேர்ல வந்த எல்லாத்தையும் அவனை விட்டு சத்தமா படிக்கச் சொல்லிடலாம். எல்லாரும் உஷாரா இருக்கட்டும்."

வேண்டவே வேண்டாம் என்று நெரிடா கெஞ்சினாள். சின்ன விஷயம், எதற்குக் கூட்டத்தில், என்றெல்லாம் சொன்னாள். நீ பயப்படாதே, உன் பேரைக் கெடுக்க நான் விடமாட்டேன் என்றார் கிளைவ். அவளுக்காக அவர் அவ்வளவு ஆவேசப்பட்டதைக் கேட்க அவளுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. வெள்ளிக்கிழமை சாப்பிட வா, ரோஸ்லின் ஆட்டுத்தொடை ரோஸ்ட் பண்ணுகிறாள், வந்து நீயே அந்த மெயிலையெல்லாம் என்னவென்று பார்த்துவிடு என்று சொல்லி வைத்தார்.

ஹேமிஷின் குரலைப் பற்றி நாம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறோம். அந்தக் குரலில், கிளப் முழுக்கக் கேட்க, "இவருக்கு இருந்து என்ன பிரயோஜனம்". நெரிடாவுக்கு வேறு வழி தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் எப்படியாவது உட்கார்ந்து, தன் கையாலேயே அந்தக் கடிதத்தை அழித்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவளை அழைத்துப் போகக் கார் வந்தது. ஓட்டியது ரோஸ்லின். முன்பெல்லாம் கிளைவ்தான் வருவார். இந்த சீசனில் முட்டிவலி என்று சொல்லி மனைவியிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். ரோஸ்லின் சாதாரணமாக வாய் ஓயாத பெண்மணி. அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. மௌனத்தை நிரப்புவதற்காக நெரிடா அடிலெய்டு மெயிலைப் பற்றிப் பேசினாள். எண்கள், எழுத்து பிரவுசர், ஹோரஸ் என்று வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள்.

கார் நின்ற பிறகுதான் ரோஸ்லின் வாயைத் திறந்தாள். "அதெல்லாம் கத்துக்க ரொம்ப நாளாகுமா?"

"ஆளைப் பொறுத்தது" என்றாள் நெரிடா. வேறு ஏதோ பெரிய கேள்வி வரப்போகிறது என்று காத்திருந்தவளுக்கு இது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கிளைவ் வாசலில் நின்றிருந்தார். வா வா என்று கையைப் பிடித்து அழைத்துப் போனவர், வாசல் நிலையில் அவள் தோளையும் இடித்துத் தன் தோளையும் இடித்துக்கொண்டார். குடிதான் என்று நெரிடா முடிவு கட்டினாள். ஆனால் மூக்கை நீட்டிப் பார்த்தும் வாசனை வரவில்லை. சோப்பு வாசனைதான் வந்தது.

ஹேமிஷ் ரொம்ப உதவியாக இருக்கிறான், நாளைக்குக் கூட்டத்தில் முதல் விஷயமே இதுதான் என்று கிளைவ் சந்தோஷமாகச் சொன்னார். பிறகு அடுப்பில் விறகு தீர்ந்துவிட்டது என்று கொல்லைப்பக்கம் போனார். ரோஸ்லின் சமையலறையில் கிரேவி கிண்டிக்கொண்டிருந்தாள். முன் அறையில் நெரிடா தனியாக இருந்தாள். மூலையில் கம்ப்யூட்டரின் உறுமல் கேட்டது.

அவள் எழுந்தாள். அந்த வீடு அவளுக்கு அத்துப்படி. சோபா, சின்ன மேஜை, பூந்தொட்டி எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். எந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும் அதற்குள் தூங்கிக்கொண்டிருக்கும் குரலை எழுப்ப ஒரு விசைச் சேர்க்கை உண்டு. அதை அழுத்தினாள்.

குரல் எழுந்தது. ஒரு பெண் குரல். பேசினால் காசு செலவாகிவிடும் என்பது போல ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தது. அதைவிடப் பெரிய கஷ்டம், கால்பந்து பார்ப்பதற்காகக் கிளைவ் வாங்கி வைத்திருந்த பெரிய ஸ்பீக்கர்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

நெரிடா பதறிப்போய் வேகவேகமாகத் தேடினாள். மெயில் திறந்தே இருந்தது. அதே கம்பெனி, அதே பெயரில்லாத பட்டன்கள். தன் பெயரைத் தேடி, சிவப்புக் கொடி போட்டதைப் பிடித்துத் திறந்தாள். திறந்த மாத்திரத்தில் அந்தப் பெண் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

"கோரல். யார்கிட்டயும். சொல்லாதே. கிளைவ். சரியில்லை."

நெரிடா வாயடைக்கும் விசையை அழுத்தினாள். நின்றது. அடுத்த பட்டனுக்குப் போனாள், அழுத்தினாள். பக்கம் லேசாக அசைந்தது போலும். அந்தப் பெண் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி நிறுத்தி, அடுத்த பட்டன். மறுபடி கோரல், யார்கிட்டயும் சொல்லாதே. ஒவ்வொரு முறையும் அவள் விசையைத் தேடும் நேரத்துக்குள் இன்னும் கொஞ்சம் தூரம் போனது. பள்ளம். குடிக்கிறார். லான்செஸ்டன். வில்மா.

ஹோரஸ் எதையும் குதிரை வேகத்தில் வாசித்துவிடுவான். எழுதியதும் ஒரு முறை வாசித்துக் காட்டினான்தான். அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. இந்தப் பெண் நிதானமாக வாசிக்க வாசிக்க, தான் எழுதியது என்ன என்பதை நெரிடா முதல் முறையாகக் கேட்டாள். தினமும் வந்து டீ போட்டுக் கொடுத்த மனுஷனைப் பற்றியா இப்படி எழுதினோம் என்று இருந்தது. விரல் வாயடைக்கும் விசையைத் தவறவிட்டது.

"எனக்குத்தான். கண். இல்லை. இவருக்கு. இருந்து."

கொல்லைப்பக்கக் கதவு திறந்தது. விறகுக் கட்டை ஒன்று கீழே விழுந்தது.

"யாரு பேசறது உள்ள?" என்று கிளைவ் குரல் கொடுத்தார்.

"என்ன. பிரயோஜனம்" என்றது ஸ்பீக்கர்.

அவ்வளவுதான் என்று நெரிடா நினைத்தாள். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் சமையலறைப் பக்கமிருந்து வேகமாகக் காலடி வந்தது. சுவரில் பிளக் பிடுங்கப்பட்டது. சட்டென்று அறை நிசப்தமானது.

"ரேடியோங்க" என்று ரோஸ்லின் கொல்லைப்பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "அடுப்புக்கு அது பத்தாது, இன்னும் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

காலடிகள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போயின. கதவு சாத்திக்கொண்டது.

நெரிடா குரல் வந்த பக்கம் திரும்பினாள். "ரோஸ்லின், நான் அதை என் தங்கச்சிக்குத்தான் எழுதினேன். சத்தியமா. அவருக்குப் போகணும்னு இல்ல. அந்த பட்டன்..."

ரோஸ்லின் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையில் கிரேவிக் கரண்டி இன்னும் இருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு நெரிடாவின் முழங்காலில் விழுந்தது. ரோஸ்லின் அதைத் தன் ஏப்ரனால் துடைத்துவிட்டாள். பிறகு கொல்லைப்பக்கம் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அவரால இதை வாசிக்க முடியாது நெரிடா, போன குளிர்காலத்துலேருந்து அவருக்கு எழுத்தும் தெரியல, ஆளு மொகமும் தெரியல, மாசா மாசம் லான்செஸ்டன் போறது கண்ணு டாக்டர்கிட்டதான், வர்ற மெயிலெல்லாம் நான்தான் வாசிச்சுச் சொல்றேன், இதை மட்டும் சொல்லல, ஹேமிஷ் கையிலயும் குடுக்க மாட்டேன், உன்கிட்ட கேக்க அவருக்கு வெக்கமா இருக்கு, அதனால நீயா வந்து சொல்ற மாதிரி அந்த அடிலெய்டு மெயிலை அவருக்கும் போட்டுக் குடுத்துடேன்."